படத்துக்கு நிற்பவர் வராதபோது

ஓவியம் தீட்டுகிறவனுக்கும் ஒளிப்படம் எடுக்கிறவனுக்கும் உள்ள வேற்றுமைகளுள் ஒன்றை மாணவர்கள் பெரும்பாலும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஓவியன் எதிரில் அமர்ந்திருந்தவர் பாதியில் எழுந்து போய்விட்டாலும் வேலை நின்றுவிடுவதில்லை. முகத்தை ஒருமுறை நன்றாகப் பார்த்துக்கொண்டான் என்றால், உடையையும் பின்னணியையும் மறுநாள் தன் வீட்டுத் திண்ணையில் அமர்ந்தே எழுதி முடித்துவிடலாம். கவிஞனுக்கோ, பாடப்படும் பொருள் எதிரில் இருக்க வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. ஒளிப்படக்காரன் நிலை வேறு. ஒருவர் மேனியில் பட்டுத் திரும்பிய ஒளி கருவிக்குள் புகுந்தால்தான் அவருடைய படம் உண்டாகும். அவர் வரவில்லை என்றால் அவன் கையில் எஞ்சுவது வெறும் ஒளி.

இத்தொல்லையை நேரில் காண வேண்டுமானால் எங்கள் சேர்வராயன் மலைக்கு ஒரு விடியற்காலையில் வர வேண்டும். ஏரியும் காடும் சேர்ந்து ஏற்காடு ஆயிற்று என்பார்கள். அந்த ஏரிக்கரையிலும், பகோடா முனையிலும், சேலம் நகரம் முழுவதும் காலடியில் விரிந்து தெரியும் சீமாட்டி இருக்கையிலும், வாரந்தோறும் கருவியும் முக்காலியும் சுமந்த இளைஞர்களைக் காணலாம். திருமணத்துக்கு முன்பே மணமக்களைப் படம் எடுக்கும் வழக்கம் இப்போது பரவிவிட்டது. துணிக்கடைக்காகச் சேலை உடுத்தி நிற்கும் பெண்களைப் படம் எடுக்கிறவர்களும் வருகிறார்கள். படத்துக்கு நிற்பவரை இத்தொழிலில் மாடல் என்பார்கள். சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஒளிப்படக்காரர் விடியலுக்கு முன் மேலே வந்துவிடுகிறார். ஒப்பனையாளர் வந்துவிடுகிறார். வண்டிக்காரர் காத்திருக்கிறார். மூடுபனி மெல்ல விலகி, சவுக்கு மரங்களின் ஊடே வெயில் சாய்வாக விழத் தொடங்குகிறது. அந்த வெயில் அதே சாய்வில் ஒரு மணி நேரம் நின்றால் அதிகம். அப்போதுதான் தொலைபேசி ஒலிக்கிறது: "இன்றைக்கு வர முடியவில்லை." பல நேரங்களில் அந்த ஒலிகூடக் கேட்பதில்லை.

என்ன செய்வது? இக்கேள்வி புதியது என்று எண்ணிவிடாதீர்கள். இந்தியாவுக்கு ஒளிப்படக்கலை வந்த நாளிலிருந்தே இது உண்டு.

லின்னேயஸ் டிரைப் என்னும் படைத்துறை அதிகாரி சென்னை அரசாங்கத்தின் ஒளிப்படக்காரராக நியமிக்கப்பட்டவர். 1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து புறப்பட்டு, சேலம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சை என்று 1858 வரை சுற்றுப்பயணம் செய்தார். இராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் பிற இடங்களையும் காட்டும் படத் தொகுதி ஒன்று 1858-இல் வெளிவந்தது. தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அமைத்தவரும் அவரே. அவருடைய கருவியில் இருந்தது மெழுகு பூசிய காகிதம். அதில் உருவம் பதிவதற்கு நெடுநேரம் ஒளி பட வேண்டும். அத்தனை நேரம் அசையாமல் நிற்க மனிதரால் ஆவதில்லை. கடைத்தெருவில் நடந்து சென்றவர்கள் அப்படத்தில் இல்லவே இல்லை. அவர்கள் வராமல் போகவில்லை. வந்து, நில்லாமல் போனார்கள். டிரைப் படங்களில் கோட்டைகளும் கோபுரங்களும் ஆளரவமற்று நிற்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

இன்னொன்றும் அவருக்கு வரவில்லை. அது மேகம். அக்காலத்து வெள்ளி உப்புகள் நீல ஒளிக்கே மிகுதியாக வசப்படும் இயல்புடையவை. ஆகையால் நீல வானமும் வெண்மேகமும் ஒன்றுபோலவே பதிந்து, அச்சிட்டால் வானம் வெறும் வெள்ளைத் தாளாகத் தோன்றும். டிரைப் என்ன செய்தார் தெரியுமா? எதிர்மறைப் படத்தின் மேல் தூரிகையால் வண்ணம் பூசி, மேகங்களைத் தாமே எழுதினார். இலைகளையும் சில இடங்களில் அவ்வாறே திருத்தினார். எதிர்மறையில் கறுத்த இடம் அச்சில் வெளுக்கும் என்ற விதியைப் பயன்படுத்திக்கொண்டார். நேரில் பதியாத ஒன்றைக் கையால் வரவழைக்கும் வித்தை கணிப்பொறியோடு பிறந்தது என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் எடுத்துச் சொல்வது வழக்கம். அவருடைய பதவி நெடுநாள் நீடிக்கவில்லை. செலவு மிகுதி என்று கருதி, சென்னை ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவிலியன் அவ்வேலையை நிறுத்திவிட்டார்.

மேகம் வராததற்குக் காரணம் வேதியியல். மனிதர் வராததற்குக் காரணம் மனிதரிடமே கேட்டறிய வேண்டியது. இவ்விடத்தில் எட்கர் தர்ஸ்டன் நினைவுக்கு வருகிறார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்தவர் அவர். கே. ரங்காச்சாரியின் துணையோடு, தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி ஏழு பெருந்தொகுதிகளை 1909-இல் வெளியிட்டார். மலைமக்களின் தலையையும் மூக்கையும் கருவி கொண்டு அளப்பதும், அவர்களைப் படம் எடுப்பதும் அவருடைய முறை. அந்நூலில் அவரே சொல்லும் ஒரு செய்தி உண்டு. வயநாட்டுப் பணியர் குலப் பெண்கள் அவரைக் கண்டதும் ஓடிவிட்டார்களாம். தங்களுள் நல்ல உருவமுள்ளவர்களைப் பிடித்துப் பஞ்சு அடைத்து, சென்னை அருங்காட்சியகத்தில் நிறுத்தப்போகிறார் என்று அவர்கள் அஞ்சினார்களாம். நீலகிரியில் இருளர் ஒருவர், உயரம் அளக்கும் கம்பத்தைத் தூக்குமரம் என்று எண்ணி, அளக்கவே உடன்படவில்லையாம்.

தர்ஸ்டன் இவற்றை வேடிக்கையாகவே எழுதியிருக்கிறார். படிக்கும் நமக்கும் முதலில் சிரிப்பு வருகிறது. ஆனால் அப்பெண்களின் பக்கம் நின்று சற்று எண்ணிப் பாருங்கள். அருங்காட்சியகத்தில் பறவையும் விலங்கும் பஞ்சடைத்துத்தான் நிறுத்தப்பட்டிருந்தன. அவற்றின் அதிகாரிதான் இப்போது இரும்புக் கருவியோடு தங்கள் குடிசைமுன் வந்து நிற்கிறார். எதற்காக அளக்கிறார், படம் எங்கே போகும், அதை யார் பார்ப்பார்கள் என்று அவர்களுக்குப் புரியும் மொழியில் சொன்னவர் யார்? அவர்கள் ஊகித்தது தவறாயிருக்கலாம்; அஞ்சியது பேதைமை என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி மக்களும் பழங்குடியினரே, பேசுவது தமிழ்தான். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்களுடைய வழக்கு. வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழா நடக்கும்போது கருவிகளோடு வரும் வெளியூரார் சிலர், மலைக்கிழவி ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டால் முகம் சுளிக்கிறார்கள். அவள் யாருக்கும் வாக்குக் கொடுத்து வராமல் போனவள் அல்லள். அவள் வந்தது சாமி கும்பிட.

வாக்குக் கொடுத்தும் நிற்க முடியாமற்போனவர்களைச் சமாளித்த கதைக்கு ஜூலியா மார்கரெட் கேமரன் அம்மையாரை விடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. கல்கத்தாவில் 1815-இல் பிறந்தவர். இங்கிலாந்தில் வாழ்ந்த காலத்தில், 1863-ஆம் ஆண்டின் இறுதியில், மகளும் மருமகனும் ஒரு கருவியைப் பரிசாகத் தந்தார்கள். அப்போது அவருக்கு வயது 48. இரண்டு குழந்தைகளைச் சேர்த்து நிறுத்திப் படம் எடுக்க முயன்றார். ஒளி படும் நேரத்தில் பாதி கழிவதற்குள் சிரிப்பு வெடித்து, தகடு வீணாயிற்று. அம்மையார் ஆசையைக் குறைத்துக்கொண்டு, ஒரே ஒரு சிறுமியை மட்டும் அமர்த்தினார். நீ அசைந்தால் என் மருந்தும் உழைப்பும் பாழாகிவிடும் என்று அவளிடம் மனம் விட்டுப் பேசினார். அவள் அசையவில்லை. 1864 ஜனவரியில் எடுத்த அந்த ஆனி என்னும் சிறுமியின் படத்துக்கு, என் முதல் வெற்றி என்று அவரே பெயர் சூட்டினார். குழந்தைகளை அதட்டி நிறுத்தப் பார்க்கும் நம் பள்ளி விழாப் படக்காரர்கள் இந்தப் பேச்சின் பயனைக் கவனிக்க வேண்டும்.

பிற்காலத்தில் அவருடைய பணிப்பெண் மேரி ஹில்லியர் கன்னி மரியாளாக நின்றார். வீட்டுக்கு வந்த கவிஞரும் அறிவியலாரும் கருவியின்முன் அமர்த்தப்பட்டார்கள். 1875-இல் கணவரின் காப்பித் தோட்டங்கள் இருந்த இலங்கைக்குக் குடிபெயர்ந்தார். காப்பி இலையைத் தாக்கும் துருநோய் அத்தீவில் 1869 முதலே பரவத் தொடங்கியிருந்த காலம் அது. இங்கிலாந்தில் கிடைத்த பெரும்புள்ளிகள் அங்கே கிடைக்கவில்லை. தோட்டத்தில் வேலை செய்தவர்களையும் அக்கம்பக்கத்தாரையும் நிறுத்திப் படம் எடுத்தார். 1877-இல் மரியான் நார்த் என்னும் தாவர ஓவியர் விருந்தினராக வந்தபோது, அவரையும் விடவில்லை. உச்சிவெயிலில் காசுமீரச் சால்வையைப் போர்த்தி, தென்னங்கீற்று தலையில் குத்தும்படி நிறுத்தி, இயல்பாக இருங்கள் என்று கட்டளையிட்டாராம். நார்த் அம்மையார் அதைத் தம் நினைவுக் குறிப்புகளில் நகைச்சுவையோடு எழுதியிருக்கிறார். எதிர்பார்த்தவர் இல்லையென்றால் இருப்பவரை வைத்து எடுப்பது என்ற வழி இதுதான். ஆயினும் இதில் ஒன்றை மறைக்கக் கூடாது. பணிப்பெண்ணும் தோட்டத் தொழிலாளியும், முதலாளி வீட்டு அம்மாள் கேட்கும்போது மாட்டேன் என்று சொல்லும் நிலையில் இருந்தார்களா? கைக்கு எட்டியவரை நிறுத்துவது எளிது. அவர் மனம் ஒப்பினாரா என்று கேட்பது சற்றுக் கடினம்.

இனி மலையடிவாரத்துக்கு இறங்கி வருவோம். சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில், மாடர்ன் தியேட்டர்ஸ் என்று எழுதிய நுழைவு வளைவை நீங்கள் பார்த்திருக்கலாம். டி. ஆர். சுந்தரம் 1930-களின் நடுவில் நிறுவிய படக்கூடம் அது. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வெளிவந்தன. மலையாள மொழியின் முதற் பேசும் படமான 'பாலன்' 1938-இல் அங்கே உருவாயிற்று. 1940-இல் 'உத்தம புத்திரன்' படத்தில் பி. யு. சின்னப்பா இரட்டை வேடம் தாங்கினார். தமிழ்த் திரைக்கு அது புதுமை. அவ்வித்தையின் அடிப்படை எளிமையானது. கருவியின் முகப்பில் பாதியை மறைத்து, நடிகரை ஒரு பக்கம் நிறுத்தி எடுப்பார்கள். பிறகு படச்சுருளைப் பின்னுக்குச் சுற்றி, எடுத்த பாதியை மறைத்து, அவரையே மறுபக்கம் நிறுத்தி மீண்டும் எடுப்பார்கள். கருவி ஒரு மயிரிழை அசைந்தாலும் நடுவில் கோடு விழுந்துவிடும். இருவரும் தொட்டுப் பேசும் காட்சிக்கோ, முதுகு காட்டி நிற்க வேறொருவர் வேண்டும். அவரைத்தான் டூப் என்கிறோம்.

சுந்தரம் நேரம் தவறுவதைப் பொறுக்காதவர் என்பது அக்காலத்தாரின் ஒருமித்த பேச்சு. புகழ்பெற்ற நடிகர் ஒருவர் குறித்த நாளில் வராதபோது, அவருக்காகக் காத்திராமல் டூப் ஒருவரை வைத்தே எஞ்சிய காட்சிகளை முடித்துவிட்டார் என்ற கதை திரையுலகில் நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு மெருகு என்ற ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். அக்கதையைச் சொல்கிறவர்கள் முதலாளியின் துணிவைப் பாராட்டுகிறார்கள். எனக்கு அந்த டூப்பின் நினைவுதான் வருகிறது. முகம் தெரியாமல் நின்று வேலையை முடித்துக் கொடுத்த அம்மனிதரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

எங்கள் பள்ளிக்கூடங்களிலும் இதற்கு ஒரு முறை இருந்தது. ஆண்டு இறுதியில் எடுக்கும் குரூப் போட்டோவுக்கு ஏதேனும் ஒரு பையன் வராமல் போவான். மலைக்கிராமத்துப் பிள்ளை என்றால், பேருந்து தவறியிருக்கும். அல்லது காப்பிப் பழம் பறிக்கும் நாளாக இருக்கும். நாற்காலி வரிசையும் பெஞ்சு வரிசையும் அமைத்தாயிற்று. படக்காரருக்கு அடுத்த ஊரில் வேலை. எடுத்துவிடுவார்கள். அட்டையின் அடியில் எல்லாப் பெயர்களையும் அச்சிட்டு, கடைசியில் 'வராதவர்' என்று இவன் பெயரைப் போடுவார்கள். கொஞ்சம் அக்கறையுள்ள ஸ்டுடியோவாக இருந்தால், அவனைத் தனியே எடுத்து, முட்டை வடிவத்தில் வெட்டி, படத்தின் மேல் மூலையில் ஒட்டி, ஓரம் தெரியாமல் மையால் டச்சிங் செய்து, மறுபடியும் அதைப் படம் எடுத்து அச்சிடுவார்கள். மூலையில் வட்டத்துக்குள் தலை மட்டும் தெரியும் பையனை மற்றவர்கள் கேலி செய்வதுண்டு. ஆயினும் அவன் வீட்டுச் சுவரில் அந்தப் படம்தான் மாட்டியிருக்கும். மலைமேல் ஒரு வீட்டில் நான் அதைக் கண்டிருக்கிறேன். அந்த வீட்டில் வேறு படமே இல்லை.

அம்முறையில் நான் மதிக்கும் ஒரு குணம் உண்டு. அந்த முட்டை வடிவம், இவன் அன்று அங்கே இல்லை என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறது. இன்று கணிப்பொறியில் அவனை இரண்டாம் வரிசையிலேயே சுவடு தெரியாமல் நிற்க வைத்துவிடலாம். திருமணப் படத்தில் வராத சித்தப்பாவையும் நிறுத்தலாம். வீட்டாருக்கு அதில் மகிழ்ச்சி என்றால் யார் தடுப்பது? செய்தித்தாளுக்கும் ஆவணத்துக்கும் உரிய படத்தில் மட்டும் அது ஆகாது. அங்கே இல்லாதவர் இல்லாதவராகவே இருக்க வேண்டும்.

சட்டம் இதைப்பற்றி என்ன சொல்கிறது என்று கல்லூரி மாணவர்கள் கேட்கக்கூடும். கூலி பேசி, நாள் குறித்து, இருவரும் ஒப்பினால் அது 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின்படி ஒப்பந்தமே. வாய்மொழியாகவும் இருக்கலாம், தகராறு வந்தால் மெய்ப்பிப்பதற்கு எழுத்து நல்லது. வாக்கு மீறியவரிடம் நியாயமான நட்டஈடு கேட்கலாம். ஆனால் ஒருவருடைய தனித்திறமையையும் ஆளையும் சார்ந்த வேலையை அவரே வந்து செய்தாக வேண்டும் என்று நீதிமன்றம் கட்டாயப்படுத்தாது. 1963-ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்தீர்ப்புச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை. பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்துகொண்ட ஒப்பந்தமோ செல்லவே செல்லாது. நம் கல்லூரிப் பிள்ளைகள் பலர், தோழியின் தங்கை படத்துக்கு நிற்கிறேன் என்றாள் என்று நம்பி வண்டி அமர்த்திவிடுகிறார்கள். பெற்றோரைக் கேட்டீர்களா என்பதுதான் நான் அவர்களிடம் முதலில் கேட்பது.

என்னிடம் படித்த ஒருவர் இப்போது சேலத்தில் இத்தொழில் செய்கிறார். துணிக்கடை ஒன்றுக்காகப் பன்னிரண்டு சேலைகளோடு ஏற்காடு சென்றார். நிற்க வேண்டிய பெண் வரவில்லை. மனம் சோராமல், சேலைகளைப் பாறைமேல் விரித்தும், சவுக்கு மரத்தில் தொங்கவிட்டும், பனியினூடே காற்றில் பறக்கவிட்டும் எடுத்தார். படங்கள் அழகாகத்தான் இருந்தன. கடைக்காரர் ஏற்கவில்லை. கொசுவம் எப்படி விழுகிறது, முந்தானை தோளில் எப்படி நிற்கிறது என்று தெரியாமல் எவள் வாங்குவாள் என்று கேட்டுவிட்டார். அவர் கேட்டது நியாயமே. சேலைக்கு உடல் வேண்டும், மலைக்கு வேண்டியதில்லை. ஆள் வராத நாளில் கிளியூர் அருவியையும் மிளகுக்கொடி சுற்றிய மரத்தையும் எடுத்துப் பழகலாம். பாதையையும் வெயில் விழும் நேரத்தையும் குறித்து வைக்கலாம். அது அடுத்த முறைக்கு முதலீடு. கையிலுள்ள வேலைக்கு மாற்று ஆகாது. இந்த வேற்றுமையை அவர் அன்று அறிந்துகொண்டார்.

அன்றைய செலவை யார் ஏற்றார்கள் என்பது அடுத்த கேள்வி. கடைக்காரர் ஏற்கவில்லை. வராதவளிடம் கேட்க வழியில்லை. முன்பணமும் எழுத்தும் இல்லை. ஒப்பனைக்கு வந்த அம்மாள், விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து, குழந்தையை அடுத்த வீட்டில் விட்டுவிட்டு வந்தவர். படமே எடுக்கவில்லையே, எனக்கு எதற்குக் கூலி என்று அவரே தயங்கினாராம். என் மாணவர் முழுக் கூலியையும் தம் கையிலிருந்து கொடுத்தார். அதைக் கேட்டபோது, அவருக்கு நான் கற்பித்த கணக்கை விட இது பெரிது என்று எனக்குத் தோன்றியது. இப்போது அவர் மூன்றில் ஒரு பங்கை முன்பணமாக வாங்குகிறார். நிற்பவருக்கும் ஒரு பங்கை முன்னரே கொடுக்கிறார். முதல் நாள் மாலை எல்லோரையும் கூப்பிட்டு நேரத்தை உறுதி செய்கிறார். நிற்கக்கூடிய இன்னொருவரின் பெயரும் கையில் இருக்கிறது. அவரும் வீணாகக் காத்திராதபடி அவருக்கும் சிறு தொகை உண்டு.

வராத அப்பெண்ணை அவர் திட்டவில்லை. ஊரறியப் பெயரைப் பரப்பவும் இல்லை. பத்து நாள் கழித்து, ஏன் வரவில்லை என்று அமைதியாகக் கேட்டிருக்கிறார். அவள் சொன்ன விடை இது. உடன் வருவதாக இருந்த அக்காவுக்குக் காய்ச்சல். முன்பின் அறியாத மூன்று ஆண்களோடு, இருட்டில், பனியில், மலைப்பாதையில் தனியே வண்டியேற வீட்டில் விடவில்லை. அதைத் தொலைபேசியில் சொன்னால் தங்களைச் சந்தேகிக்கிறாள் என்று நினைப்பார்களே என்று கூச்சப்பட்டு, கருவியை அணைத்துவிட்டாள். அன்றுமுதல் அவர் பெண்களை அழைக்கும்போது, வண்டியில் யார் யார் வருகிறார்கள், எத்தனை மணிக்குக் கீழே இறங்குவோம், உடன் வருபவருக்கும் இடமும் சாப்பாடும் உண்டு என்பதை முதலிலேயே எழுதி அனுப்பிவிடுகிறார். படப்பிடிப்பை விடியலிலிருந்து ஏழரை மணிக்குத் தள்ளிவைத்தார். சாய்வு வெயிலில் பாதி போய்விடுகிறது. எஞ்சிய பாதியில், நிற்கும் முகத்தில் கலக்கம் இல்லாததால் படங்கள் விரைவாக முடிகின்றன என்கிறார்.

அப்பெண்ணே மறுபடி வந்து அந்தப் பன்னிரண்டு சேலைகளுக்கும் நின்றாள். காய்ச்சல் தெளிந்த அக்கா பாறை ஓரமாக அமர்ந்து, வெயிலைத் திருப்பும் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையைப் பிடித்துக்கொண்டிருந்தாளாம். அதற்கும் ஒரு கூலி போட்டார்கள்.